பாலுக்குள்ளேயே மருந்து இருக்கா? மடிநோயும் லாக்டோஃபெரினும்

இன்னைக்கு எபிசோடுல கிளவுட் இல்லை, ஏஐ இல்லை. மாடு. ஆமா, மாடுதான். காலையில நீங்க குடிச்ச காபிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு, அதனால ஸ்கிப் பண்ணாம கேளுங்க.

போன தீபாவளி லீவுக்கு திருநெல்வேலி பேட்டையில இருக்கிற ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். ஆச்சிகிட்ட ரெண்டு ஜெர்சி கிராஸ் மாடு இருக்கு. வீட்டுக்குப் பின்னாலதான் தொழு. விடியக்காலம் நாலரைக்கு என்னை எழுப்பினாங்க. "எலே, எந்திரி. செவலை மடியைத் தொட்டுப் பாரு."

தொட்டேன். பின்பக்கம் வலது காம்புக்கு மேல மட்டும் கல்லு மாதிரி கெட்டியா, சூடா இருந்துச்சு. மத்த மூணும் மெத்துன்னு இருக்கு. அந்தக் காம்புல ஆச்சி ரெண்டு பீச்சு பீச்சி உள்ளங்கையில காட்டினாங்க. தண்ணி மாதிரிப் பால், நடுவுல தயிர்த் துணுக்கு மாதிரி கட்டி கட்டியா.

மாட்டு டாக்டர் வந்தார். ஊசி போட்டார், காம்பு வழியா டியூப் மருந்து ஏத்தினார். மூணு நாள் மருந்து. அது முடிஞ்ச பிறகும் லேபிள்ல போட்டிருக்கிற நாள் கணக்கு வரைக்கும் பாலை சொசைட்டிக்கு ஊத்தக் கூடாதுன்னு சொன்னார். மொத்தம் 6 நாள். ஒரு நாளைக்கு 8 லிட்டர் கறக்கிற மாடு. 48 லிட்டர் பால் கீழ போகணும்.

மறுநாளே வீக்கம் குறைஞ்சுடுச்சு. ஆச்சி டாக்டர்கிட்ட கேட்டாங்க: "ஏன் சார், வீக்கம்தான் வத்திட்டுல்லா. மூணு காம்பு நல்லாத்தான இருக்கு. அதுல கறக்கிற பாலை ஊத்துனா என்ன?"

நியாயமான கேள்வி. 48 லிட்டர்ங்கிறது அந்த வீட்டோட மளிகைச் செலவு. டாக்டர் பொறுமையா பதில் சொன்னார். ஒரு காம்புல ஏத்தின மருந்து ரத்தத்துல கலந்து மத்த காம்புகளுக்கும் போகும், அதனால மொத்த மாட்டுப் பாலும் கணக்குல வரும்னார். போறப்போ ஒரு வார்த்தை சொன்னார்: "பாலுக்குள்ளேயே கிருமியை அடக்கிற புரதம் இருக்கு தம்பி. அதை மருந்தாக்க ரொம்ப வருஷமா முயற்சி பண்றாங்க. அது வந்துட்டா இந்தப் பிரச்சினையே இருக்காது." அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. அந்தத் தேடல்தான் இந்த எபிசோடு.

மடிக்குள்ள என்ன நடக்குது?

மாட்டு மடி வெளியில இருந்து ஒண்ணாத் தெரியும். உள்ள நாலு தனி அறை. ஒரு அறைப் பால் இன்னொரு அறைக்குப் போகாது. நாலு தனித்தனி சர்வர்னு வெச்சுக்கோங்க. அதனாலதான் ஒண்ணு படுத்தாலும் மத்த மூணும் ஓடுது.

ஒவ்வொரு அறைக்கும் ஒரே வாசல், காம்பு நுனியில இருக்கிற சின்னத் துவாரம். கறந்து முடிச்ச உடனே அது மூடிக்காது, அரை மணி நேரத்துக்கு மேலயும் லேசா திறந்தேதான் இருக்கும். அந்த நேரத்துல மாடு சாணியில படுத்தா கிருமி உள்ள ஏறிடும். கறக்கிறவங்க கை, துடைக்கிற துணி, மெஷின் வழியாவும் ஏறும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள், ஈ.கோலை, இவங்கதான் வழக்கமான குற்றவாளிகள்.

கிருமி வந்ததும் வெள்ளையணுக்கள் ரத்தத்துல இருந்து மடிக்குள்ள பாயும். நல்ல மடியில ஒரு மில்லிலிட்டர் பாலுக்கு இந்த மாதிரி செல்கள் ஒரு லட்சத்துக்குள்ள இருக்கும். ரெண்டு லட்சத்தைத் தாண்டினா உள்ள ஏதோ நடக்குதுன்னு அர்த்தம். ரத்தத்துல இருக்கிற சோடியமும் குளோரைடும் பாலுக்குள்ள கசியும், பால்ல இருக்கிற சர்க்கரை குறையும். அதனாலதான் நோய் வந்த பால் லேசா உப்புக் கரிக்கும். பெரிய பண்ணைகள்ல பாலோட மின்கடத்துத் திறனை சென்சார் வெச்சு அளந்து நோயைக் கண்டுபிடிக்கிறதும் இதே உப்பை வெச்சுத்தான்.

வீக்கம், கட்டின்னு கண்ணுக்குத் தெரியிறது ஒரு வகை. எதுவுமே தெரியாம, பால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குறையிறது இன்னொரு வகை, மறைமுக மடிநோய். நிறைய மாடுகளுக்கு வர்றது இந்த ரெண்டாவதுதான்.

இரும்பைப் பூட்டி வைக்கிற புரதம்

இப்ப டாக்டர் சொன்ன புரதத்துக்கு வருவோம். பேரு லாக்டோஃபெரின். லாக்டோன்னா பால், ஃபெரின்னா இரும்பு. 1939ல பசும்பால்ல ஒரு சிவப்புப் புரதம் இருக்குன்னு கவனிச்சாங்க. 1960ல அதைத் தனியா பிரிச்சு எடுத்தாங்க. வெள்ளைப் பால்ல சிவப்பு எங்கிருந்து வந்தது? இரும்பைப் பிடிச்சதும் இந்தப் புரதம் செந்நிறமாகும். பால்ல அளவு ரொம்பக் கம்மிங்கிறதால நம்ம கண்ணுக்குத் தெரியாது.

இதோட உருவம் ரெண்டு கை சேர்ந்த மாதிரி. ஒவ்வொரு கையும் ஒரே ஒரு இரும்பு அணுவைப் பிடிக்கும், கூடவே ஒரு கார்பனேட்டையும். பிடிச்சா மூடிக்கும். இந்த உருவத்தைப் பார்த்ததுல நம்ம ஊர் ஆளுங்களுக்கும் பங்கு இருக்கு. டெல்லி எய்ம்ஸ்ல டி.பி. சிங் தலைமையிலான குழு எருமைப் பால் லாக்டோஃபெரினோட முப்பரிமாண அமைப்பை 1999ல வெளியிட்டாங்க. 30 டிகிரி சூட்டுல வளர்த்த படிகத்தை எக்ஸ்ரேயில வெச்சுப் பார்த்த வேலை அது.

இரும்பைப் பிடிச்சா என்ன லாபம்? கிருமி வளரணும்னா இரும்பு வேணும். சுவாசிக்க, டிஎன்ஏ தயாரிக்க, எல்லாத்துக்கும். லாக்டோஃபெரின் சுத்தி இருக்கிற இரும்பை எல்லாம் எடுத்துப் பூட்டி வெச்சுடும். ரத்தத்துல இதே வேலையைச் செய்ற டிரான்ஸ்ஃபெரினை விட இதோட பிடி ஏறக்குறைய 300 மடங்கு பலம். கிருமியை அடிக்க வேண்டியதில்லை. ரேஷன் கடையைப் பூட்டினாலே போதும்.

இன்னொரு வேலையும் இருக்கு. ஈ.கோலை மாதிரி கிருமிகளோட வெளித்தோல்ல இது நேரா போய் ஒட்டி அதைத் தளர்த்தும். இதுல ஒரு சுவாரசியம். ஜப்பான்ல மொரினாகா பால் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் 1990களோட தொடக்கத்துல, லாக்டோஃபெரினை வயித்துல இருக்கிற பெப்சின் நொதியால வெட்டிப் பார்த்தாங்க. 25 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு கிடைச்சுது. அந்தத் துண்டு முழுப் புரதத்தை விட நல்லா கிருமியைக் கொன்னுது. அதுக்கு லாக்டோஃபெரிசின்னு பேரு வெச்சாங்க. ஃபைலைக் கம்ப்ரெஸ் பண்ணினதும் அது இன்னும் வேகமா ஓடின மாதிரி.

லாக்டோஃபெரின் மட்டும் இல்லை. பால்ல லாக்டோபெராக்சிடேஸ்னு ஒரு நொதி இருக்கு. அது ஹைட்ரஜன் பெராக்சைடையும் தயோசயனேட்டையும் சேர்த்து கிருமியை முடக்கிற ஒரு பொருளை உண்டாக்கும். ஃப்ரிட்ஜ் வசதி இல்லாத ஊர்ல கறந்த பால் கெடாம இருக்க இந்த முறையைப் பயன்படுத்தலாம்னு கோடெக்ஸ் அமைப்பு 1991லயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. லைசோசைம்னு இன்னொண்ணு, கிருமியோட சுவரை உடைக்கிறது. ஆனா பசும்பால்ல லைசோசைம் ரொம்ப ரொம்பக் கம்மி, தாய்ப்பால்லதான் தாராளமா இருக்கு.

அப்போ ஏன் மாட்டுக்கு நோய் வருது?

இங்கதான் நானும் மாட்டிக்கிட்டேன். இவ்வளவு பலமான காவல்காரன் உள்ளயே இருந்தா செவலைக்கு ஏன் மடி கல்லாச்சு?

முதல் காரணம் அளவு. தாய்ப்பால்ல ஒரு லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல லாக்டோஃபெரின் இருக்கும். தினமும் கறக்கிற பசும்பால்ல ஏறக்குறைய 0.1 கிராம்தான். மொத்தத்தையும் சிந்தாம எடுத்தாலும் ஒரு கிலோ லாக்டோஃபெரினுக்கு 10,000 லிட்டர் பால் வேணும்.

ரெண்டாவது காரணம் சிட்ரேட். பால்ல சிட்ரேட் நிறைய இருக்கு. அதுவும் இரும்பைப் பிடிக்கும், ஆனா லேசாத்தான். அதனால கிருமி அதுகிட்ட இருந்து சுலபமா இரும்பைப் பிடுங்கிக்கும். லாக்டோஃபெரின் கதவைப் பூட்டுது, சிட்ரேட் ஜன்னலைத் திறந்து வைக்குது.

இப்ப வற்றுக்காலத்தைப் பாருங்க. கன்னு போடுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி கறவையை நிறுத்துவோம்ல, அப்போ மடி சுருங்கும். சிட்ரேட் இறங்கும், லாக்டோஃபெரின் பல பத்து மடங்கு ஏறும். பூட்டு வேலை செய்யும். அதனால வற்றுக்காலத்தோட நடுப்பகுதியில புதுசா நோய் வர்றது குறைவு. ஆனா கறவையை நிறுத்தின முதல் சில நாள்ல அந்த அளவு இன்னும் ஏறியிருக்காது. கன்னு போடுற நேரத்துல திரும்ப இறங்க ஆரம்பிச்சிருக்கும். ஆபத்து அதிகமா இருக்கிறது இந்த ரெண்டு முனையிலயும்தான். சீம்பால்ல லாக்டோஃபெரின் சாதாரணப் பாலை விடப் பல மடங்கு இருக்கும், அது கன்னுக்குட்டிக்கான பங்கு.

மூணாவது, எல்லாக் கிருமியும் ஒரே மாதிரி இல்லை. ஈ.கோலையை லாக்டோஃபெரின் நல்லா அடக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் யூபெரிஸ் இதைப் பெருசா கண்டுக்கிறதே இல்லை. ஆரியஸோ மடியோட செல்களுக்கு உள்ளயே போய் ஒளிஞ்சுக்கும்.

லேப்ல இருந்து தொழுவுக்கு

சரி, இருக்கிறது கம்மின்னா வெளியில இருந்து ஏத்தினா என்ன? அதையும் செஞ்சு பார்த்திருக்காங்க. ஜப்பான்ல வெட்டின லாக்டோஃபெரினை மறைமுக மடிநோய் இருந்த மாடுகளோட மடிக்குள்ள ஏத்தின ஆய்வு 2003ல வந்துச்சு, கிருமிகள் குறைஞ்சுது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கனடாவுல நடந்த வேலை. பென்சிலினுக்கு அடங்காத ஆரியஸ் கிருமி பென்சிலினை உடைக்கிற ஒரு நொதியைத் தயாரிச்சு வெச்சிருக்கும். லாக்டோஃபெரின் கூட இருந்தா அந்த நொதி உற்பத்தி குறையுது. அதனால பென்சிலின் மட்டும் கொடுத்த மாடுகளை விட, ரெண்டையும் சேர்த்துக் கொடுத்த மாடுகள்ல குணமானது அதிகம். எல்லா மாடும் குணமாகலை. ஆனா செத்துப்போன மருந்துக்கு மறுபடி உயிர் வந்த மாதிரிதான அது? பழைய, விலை குறைஞ்ச பென்சிலினைத் திரும்ப உபயோகிக்க முடிஞ்சா புது ஆன்டிபயாட்டிக்கைத் தொட வேண்டியதில்லை.

நாம தயிர்லயும் பன்னீர்லயும் சாப்பிடுற கேசின் புரதத்துக்குள்ளயும் ஆயுதம் இருக்கு. 1974ல இஸ்ரேல்ல கேசினை வெட்டி எடுத்த ஒரு துண்டுக்கு இஸ்ராசிடின்னு பேரு. அதுவும் மடியில ஆரியஸுக்கு எதிரா வேலை செஞ்சுது. அதே நாட்டுல நிசிம் சிலானிகோவ் குழு வெட்டின கேசினை மடிக்குள்ள ஏத்தினா மடி சீக்கிரம் வத்துதுன்னும், அந்த நேரத்துல பாதுகாப்பு வேகமா வந்துடுதுன்னும் காட்டினாங்க. மேல சொன்ன அந்த முதல் சில நாள் ஓட்டையை அடைக்கிற யோசனை இது.

அப்புறம் ஏன் இது இன்னும் ஆச்சிக்கு மருந்தா கிடைக்கலை? கண்ணாடிக் குழாய்ல ஜெயிக்கிறது ஒண்ணு, மடிக்குள்ள ஜெயிக்கிறது வேற. மடியில சிட்ரேட் இருக்கு, கால்சியம் இருக்கு, புரதத்தை வெட்டுற நொதிகள் இருக்கு. ஏத்தின புரதத்தை அடுத்த கறவையிலயே பாதி வெளிய எடுத்துடுவோம். கிருமிக்குக் கிருமி பலன் மாறுது. இன்னொரு பக்கம், பிரிச்செடுக்கிற லாக்டோஃபெரின் பெரும்பாலும் போறது குழந்தைகளோட பால் பவுடருக்கு. 1986லயே மொரினாகா அதைச் சேர்க்க ஆரம்பிச்சாச்சு. நம்ம டெவலப்மெண்ட் பாஷையில சொன்னா, டெமோ நல்லா ஓடுது, புரொடக்‌ஷனுக்கு இன்னும் வரலை.

இதுல நமக்கு என்ன?

மடிநோய்தான் பால் மாடுகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறதுக்கான முக்கியமான காரணம். பாதியில நிறுத்தின மருந்து, கணக்கு முடியாம ஊத்தின பால், ரெண்டும் கடைசியில நம்ம உடம்புக்குத்தான் வருது. மாட்டுக்கிட்ட மருந்துக்கு அடங்காமப் போன கிருமி கறக்கிறவங்க கைக்கும் வரலாம்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதிச்சாங்க. 77ல ஆன்டிபயாட்டிக் அனுமதிச்ச அளவைத் தாண்டியிருந்துச்சு. சதவீதமா பார்த்தா 1.2தான். ஆனா பால் தினமும் குடிக்கிற பொருள், அதுவும் குழந்தைங்க குடிக்கிறது. அடுத்த வருஷமே, மனுஷனுக்குக் கடைசி ஆயுதமா வெச்சிருக்கிற கோலிஸ்டினைக் கால்நடைகளுக்கு விற்கிறதை மத்திய அரசு தடை பண்ணுச்சு.

ஆச்சிக்கு இதை விளக்க எனக்கு ஒரு வழி கிடைச்சுது. "ஆச்சி, மருந்து கலந்த பால்ல உறை ஊத்தினா சில நேரம் தயிர் ஆகாது. ஏன்னா தயிர் ஆக்குறதும் ஒரு கிருமிதான், மருந்து அதையும் கொன்னுடும். மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது." ஆச்சி கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "அப்போ அதைக் குடிக்கிற பிள்ளை வயித்துல இருக்கிறதையும் கொன்னுடுமாக்கும்" அப்படின்னாங்க. நான் இருபது டேப் திறந்து படிச்சதை ஒரு வரியில முடிச்சுட்டாங்க.

இன்னைக்கே செய்யக்கூடியது

லாக்டோஃபெரின் மருந்து வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். உங்க ஊர்ல, உங்க சொந்தக்காரங்க வீட்டுல மாடு இருந்தா இதை அனுப்புங்க.

முதல் ரெண்டு பீச்சை கறுப்புத் துணியிலயோ கறுப்புத் தட்டுலயோ பீச்சிப் பாருங்க. துணுக்கு இருந்தா உடனே தெரியும். கறந்த உடனே தீவனம் போடுங்க. மாடு நின்னு தின்னும், அதுக்குள்ள காம்புத் துவாரம் மூடிக்கும். கறந்ததும் காம்பை அயோடின் கரைசல்ல முக்குறது நல்ல பழக்கம். நோய் வந்த மாட்டைக் கடைசியாக் கறங்க. மறைமுக மடிநோயைப் பார்க்க கலிஃபோர்னியா டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. 1957ல வந்தது. சோப்பு மாதிரி ஒரு திரவத்தைப் பால்ல கலந்தா, செல் நிறைய இருக்கிற பால் கொழகொழன்னு ஆகும். அவ்வளவு சுலபம்.

வற்றவிடுற நேரத்துல டாக்டரைக் கேட்காம விடாதீங்க. ஓட்டை எப்போ திறந்திருக்கும்னு இப்ப உங்களுக்கே தெரியும்.

நம்ம ஊர்ல மூலிகை வழியும் இருக்கு. கால்நடைப் பல்கலைக்கழகத்துல இருந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பின முறை: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைச்சு, மடி முழுக்க ஒரு நாளைக்குப் பல தடவை பூசுறது. தேசிய பால்வள வாரியமும் இதை விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுக்குது. ஆனா மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தா, தீவனம் எடுக்கலைன்னா, அரைச்சுக்கிட்டு உக்காராதீங்க. 1962க்கு போன் பண்ணுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் வரும். நெல்லைக்காரங்களுக்கு ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு.

செவலை கதைக்கு வர்றேன். 6 நாள் பாலையும் ஆச்சி கீழதான் ஊத்தினாங்க. கால் கழுவுற இடத்துல வெள்ளையா ஓடினதைப் பார்க்க எனக்கே கஷ்டமா இருந்துச்சு. அந்த வலது காம்பு முழுசா திரும்பலை, மத்த மூணுல பாதிதான் கறக்குது. பங்குனியில கன்னு போட்டுச்சு, கிடாரி. கன்னுக்கு வயிறு நிறையக் கொடுத்துட்டு மிச்சச் சீம்பால்ல ஆச்சி கடும்பு கிண்டினாங்களாம். எனக்குப் போன்ல சொன்னாங்க: "நீ சொன்ன சிவப்புப் புரதம் இதுல நிறைய உண்டும்லா? நீ வரலை, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க தின்னுட்டு."

அடுத்த தடவை லீவு கிடைச்சா போகணும். உங்க வீட்டுல இந்த மாதிரி அனுபவம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.